செஸ்ல ஜி7 பிஷப்பை எப்பதான் வெட்டி மாத்துறது? அவசரம்

கறுப்புச்சிப்பாய்: மறுபடியும் அதே கதை. ஜி6-ல சிப்பாய் போட்டு பிஷப்பை ஜி7-ல வச்சு காஸ்லிங் (ராஜாவை ஓரமா ஒதுக்குறது) பண்ணிடுறேன். அவன் ராணியை டி2-க்குக் கொண்டுவந்து, பிஷப்பை எச்6-ல இறக்குறான். வெட்டினாலும் அடி, வெட்டாட்டியும் அடி. மாத்தலாமா கூடாதா? நாளைக்கு ஆட்டம் இருக்கு.

குதிரைப்பிரியன்: என்ன ஓப்பனிங் (ஆரம்ப ஆட்ட முறை)? அவர் எந்தப் பக்கம் காஸ்லிங்?

எட்டாம்வரிசை: எதுவா இருந்தாலும் அந்த பிஷப்பைக் குடுக்கவே குடுக்காதீங்க. போச்சுன்னா எஃப்6, எச்6 ரெண்டும் ஓட்டை. முன்னாடியே ரூக்கை (யானையை) இ8-க்கு நகர்த்திடுங்க. அவர் பிஷப் எச்6 வந்ததும் உங்க பிஷப் எச்8-ல போய் ஒளிஞ்சுக்கலாம். ரூக் எஃப்8-லயே நின்னா இது நடக்காது, ரூக்கை வெட்டிடுவார்.

பழையபலகை: குடுக்கவே கூடாதாம்! கிங்ஸ் இந்தியன் ஓப்பனிங் ஆடிப் பாத்திருக்கீங்களா தம்பி? இ5, டி6-ல உங்க சிப்பாய், டி5-ல அவங்க சிப்பாய். நடு அடைஞ்சு கிடக்கு. ஜி7-ல நிக்கிறது பிஷப்பா, இன்னொரு சிப்பாயா? அங்க மாத்தினா பெரும்பாலும் உங்களுக்குத்தான் லாபம். பொத்திவைக்க வேண்டியது சி8-ல இருக்கிற பிஷப்பை. ரூக் இ8 போனா எஃப்7 காவல் குறையும், அதையும் சொல்லிக் குடுங்க.

சும்மாபாக்கிறவன்: பிஷப் பிஷப்னு... மந்திரின்னா வாய் சுளுக்கிக்குமா?

குதிரைப்பிரியன்: எங்க தாத்தா ராணியைத்தான் மந்திரின்னு சொல்வார். ராஜா பக்கத்துல நிக்கிறது அதுதானே.

சும்மாபாக்கிறவன்: அப்ப பிஷப் யாரு?

எட்டாம்வரிசை: அமைச்சர்.

சும்மாபாக்கிறவன்: ரெண்டும் ஒண்ணுதானேய்யா!

பழையபலகை: பிஷப்பை இப்படி ஜி7-ல வைக்கிறதுக்குப் பேரு ஃபியான்கெட்டோ, அது இத்தாலிச் சொல். அதை முதல்ல தமிழாக்கிட்டு வாங்க, மந்திரிசபையை அப்புறம் அமைக்கலாம்.

கறுப்புச்சிப்பாய்: மன்னிக்கணும், ஓப்பனிங் சொல்லல. டிராகன். அவன் ராணிப்பக்கம் காஸ்லிங்.

குதிரைப்பிரியன்: இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி சண்டை மிச்சம். அவர் எச்4 போட்டதும் நீங்க எச்5 போட்டு அடைங்க, இல்லைன்னா எச் வரிசையைத் திறந்துட்டு உள்ள வந்துடுவார். எச்6-ல பிஷப்பை வெட்டுறதும் எப்பவும் தப்பில்ல. அவர் ராணி அதை எடுக்க எச்6 போயிட்டா, அவரோட ராஜாவுக்குப் பக்கத்துல ஆள் குறையும். அந்த நேரம் பாத்து சி8 ரூக்கைக் குடுத்து சி3 குதிரையை வெட்ட முடியுமான்னு கணக்குப் போடுங்க. முடியலைன்னா எட்டாம்வரிசை சொன்ன எச்8.

கறுப்புச்சிப்பாய்: இ8, எச்8 ஆடினேன். பிஷப் கடைசி வரைக்கும் உயிரோட இருந்துச்சு. ராணியை விட்டுட்டேன். நன்றி.

பழையபலகை: எத்தனாவது நகர்த்தல்ல? ஆட்டத்தை முழுசாப் போடுங்க.

சும்மாபாக்கிறவன்: ஒரு வாரமாச்சு. ஆளைக் காணோம்.