கையால் ஓட்டினால் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் இரவில் ஏன் நிற்கிறது? விண்டோஸ், லினக்ஸ், மேக் அனுபவங்கள்

விண்டோஸ் சர்வர் பக்கம்

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் முதலில் பார்க்க வேண்டியது 'ஸ்டார்ட் இன்' பெட்டி. அது காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓடும். உள்ளே வெறும் ஃபைல் பெயர் மட்டும் இருந்தால் எதுவும் அகப்படாது. பாதையில் இடைவெளி இருந்தாலும் இந்தப் பெட்டியில் மேற்கோள் குறி போடாதீர்கள்.

அடுத்தது மேப் செய்த டிரைவ், அதாவது டிரைவ் எழுத்து கொடுத்து இணைத்த நெட்வொர்க் ஃபோல்டர். அது லாகின் செஷனோடு கட்டப்பட்டது. யூசர் லாகின் செய்யாதபோதும் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் டாஸ்க் வேறு செஷனில் ஓடும், அங்கே அந்த டிரைவ் எழுத்தே இருக்காது. சர்வர் பெயரில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையை எழுதுங்கள்.

பலரைக் குழப்புவது விண்டோஸின் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பி. முடிவுக் குறியீடு 1 என்று வந்தால் தோல்வி என்று நினைத்துவிடுகிறார்கள். ரோபோகாப்பியில் 0 என்றால் காப்பி செய்ய எதுவும் இல்லை, 1 என்றால் ஃபைல்கள் நல்லபடியாகக் காப்பி ஆகின, 2 என்றால் போய்ச் சேரும் இடத்தில் கூடுதல் ஃபைல்கள் உள்ளன. இவை கூட்டியும் வரும். 3 என்பது 1-ம் 2-ம் சேர்ந்தது. 8-ம் அதற்கு மேலும்தான் உண்மையான கோளாறு. ஸ்கிரிப்டின் கடைசியில் 8-க்குக் குறைந்த எண்ணை 0 ஆக்கி அனுப்பினால்தான் கண்காணிப்பு மென்பொருள் வீணாக அலறாது.

மறுமொழி: லினக்ஸ்

லினக்ஸில் நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் கிரானில் இதே தொல்லை வேறு முகத்தில் வரும். டெபியன் வகை லினக்ஸ்களில் அதன் பாத் மாறியில் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) பெரும்பாலும் யூஎஸ்ஆர் பின், பின் இரண்டு மட்டும்தான். லோக்கல் பின்னில் நிறுவிய நிரல் டெர்மினலில் ஓடும், கிரானில் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று விழும். அதனால் முழுப் பாதை கொடுங்கள்.

தேதி போட்ட ஃபைல் பெயர் வேண்டும் என்று கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேப் வரியிலேயே % குறியோடு டேட் கட்டளையை எழுதுவார்கள். முதல் % வந்த இடத்தோடு கட்டளை முடிந்தது என்று கிரான் எடுத்துக்கொள்ளும், மீதியை இன்புட்டாக அனுப்பிவிடும். முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட வேண்டும், அல்லது அந்த வேலையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். இரண்டாவதுதான் நல்லது.

புதிதாக அமைப்பவர்களுக்கு, கிரானுக்குப் பதிலாக சிஸ்டம்டி டைமரைத்தான் சொல்வேன். 'பெர்சிஸ்டன்ட்' என்பதை ட்ரூ ஆக்கினால், மெஷின் அணைந்திருந்தபோது தவறிய வேலை பூட் ஆனதும் ஓடும். கிரான் அதைச் செய்யாது. லாக் முழுவதும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் கிடைக்கும். சர்வரை நிர்வகிக்கும் வலைக் கருவியான காக்பிட் நிறுவியிருந்தால் பிரவுசரில் 9090 போர்ட்டில் அதே டைமர், அதே ஜர்னல். அது தனக்கென்று தனி செட்டிங் வைத்துக்கொள்வதில்லை, ஆகவே கட்டளை வரியில் செய்தது அங்கேயும் தெரியும். வரைகலைக் கருவி இப்படித்தான் இருக்க வேண்டும்.

மறுமொழி: மேக்

மேக்கில் இந்த வேலையைச் செய்வது லாஞ்ச்டி. அதில் நேரம் குறித்த வேலை, மெஷின் தூங்கியிருந்தால் எழுந்ததும் ஓடும். பல முறை தவறியிருந்தாலும் ஒரே முறைதான் ஓடும். முழுவதுமாக அணைத்திருந்தால் அடுத்த நேரம் வரை காத்திருக்கும்.

2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களுக்குத் தனி அனுமதி தேவை. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள யூசராக) ஓடினாலும் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' வரும். சிஸ்டம் செட்டிங்ஸில் ஃபுல் டிஸ்க் ஆக்சஸ் பட்டியலைத் திறந்து கையால்தான் டிக் செய்ய வேண்டும். பல மெஷின்கள் இருந்தால் அவற்றை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் எம்டிஎம் மென்பொருளின் புரொஃபைல் வழியாக. ஸ்கிரிப்ட் மட்டும் போதாத இடம் இது.

லினக்ஸ் ஸ்கிரிப்டை அப்படியே கொண்டுவந்தால் ஃபைலில் உள்ள எழுத்துகளை மாற்றும் செட் (sed) கட்டளையின் 'மைனஸ் ஐ' தடுக்கும். இங்கே அதற்குப் பின்னால் பேக்கப் ஒட்டுப் பெயர் கட்டாயம், வேண்டாமென்றால் காலி மேற்கோள் கொடுக்க வேண்டும். மேக்கோடு கூடவே வரும் பாஷ் (ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்) இன்னும் 3.2 தான், அதில் பெயரால் மதிப்பைத் தேடும் அசோசியேட்டிவ் அரே கிடையாது.

மறுமொழி: தமிழ் ஃபைல் பெயர் உள்ளவர்களுக்கு

விண்டோஸின் பவர்ஷெல் 5.1, பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் வரும் குறியாக்க அடையாளம்) இல்லாத யூடிஎஃப்-8 ஸ்கிரிப்டைப் பழைய ஆன்சி குறியாக்கம் என்று படித்துவிடும். உள்ளே இருக்கும் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து, ஃபைல் இல்லை என்று வரும். பிஓஎம்மோடு சேமியுங்கள், அல்லது பவர்ஷெல் 7-க்கு மாறுங்கள். லினக்ஸ் பாஷ் ஸ்கிரிப்டுக்கு நேர் எதிர்: பிஓஎம் இருந்தால் முதல் வரியே கெடும்.

மறுமொழி: வரைகலையா, ஸ்கிரிப்டா?

விண்டோஸில் இரண்டையும் இணைக்கலாம். டாஸ்க்கை ஒரு சர்வரில் திரையில் அமைத்து, ஓட்டிச் சரிபார்த்து, எக்ஸ்எம்எல்லாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மற்ற சர்வர்களில் பவர்ஷெல்லால் பதியலாம். பாஸ்வேர்ட் அந்த ஃபைலில் இருக்காது, பதியும்போது தர வேண்டும். ஹிஸ்டரி டேப் பெரும்பாலும் முடக்கப்பட்டே இருக்கும். முதல் இரவுக்கு முன்பே அதை இயக்கிவிடுங்கள், இல்லையென்றால் காலையில் பார்க்க ஒன்றும் இருக்காது.