தர்ஸ்டன் துரையும் சித்தப்பா மூக்கும்

மாமா: (ஃபார்வர்ட்) நம் குலப் பெருமையை அன்றே எழுதி வைத்தார் தொல்லியல் அறிஞர் எட்கர் தர்ஸ்டன்! 10 பேருக்குப் பகிரவும் 🙏

நான்: மாமா, அவர் தொல்லியல் அறிஞர் இல்லை. லண்டன் கிங்ஸ் காலேஜில் படித்த டாக்டர். 1885இல் எழும்பூர் மியூசியத்துக்குக் கண்காணிப்பாளராக வந்தவர்.

பெரியப்பா: டாக்டருக்கு மியூசியத்தில் என்ன வேலை?

நான்: முதலில் ராமேசுவரம் பக்கம் கடல் உயிர்கள், முத்துக்குளிப்பு என்றுதான் சுற்றினார், பெரியப்பா. 1894இல் வங்காள ஏஷியாட்டிக் சொசைட்டியிடம் அளவுக் கருவிகளை இரவல் வாங்கிக்கொண்டு நீலகிரி ஏறினார். தோடர், கோத்தர், படகர்... உயரம், தலை, மூக்கு எல்லாம் அளந்தார்.

மாமா: மூக்கா?

நான்: அகலத்தை 100ஆல் பெருக்கி நீளத்தால் வகுக்கணும். 70க்குக் கீழே கூர்மூக்கு, 85ஐத் தாண்டினால் அகல மூக்கு. அதை வைத்து இனம் பிரித்தார்கள்.

தம்பி (சித்தப்பா மகன்): அப்பாவுக்கு அளந்தாச்சு. அகலம் 36 மில்லி, நீளம் 48. வருவது 75!

சித்தி: நடுத்தரம். சம்பளம் மாதிரியே 😂

நான்: எல்லாரும் சித்தப்பா மாதிரி மூக்கைக் காட்டவில்லை. தர்ஸ்டனே தன் புத்தக முன்னுரையில் எழுதியிருக்கிறார். வயநாட்டில் பணியர் பழங்குடிப் பெண்கள் இவரைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்களாம். நல்ல ஆளாகப் பார்த்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயம்! சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரோ, நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு அந்தமானுக்கு அனுப்பப் போகிறார் என்று நினைத்தார்கள். நீலகிரியில் ஓர் இருளர், பழைய யானைக் கேசில் தேடப்பட்டவர். உயரம் அளக்கும் கம்பைத் தூக்குமரம் என்று சொல்லி நிற்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

பெரியப்பா: 🤣🤣

சித்தி: இதில் என்ன சிரிப்பு? துரை வந்து வாசலில் கம்பை நட்டால் நானும்தான் நிற்க மாட்டேன்.

நான்: அவரும் வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார், சித்தி. ஆனால் உடம்பை அளக்கும் இதே வித்தையைச் சென்னை மாகாணப் போலீசாருக்கும் கற்றுக்கொடுத்தார். இருளர் பயந்ததில் தப்பே இல்லை.

மாமா: சரிம்மா, நம்மைப் பற்றி எழுதியது பொய்யா?

நான்: பொய் என்று சொல்லவில்லை மாமா. மியூசியத்தில் உடன் வேலை பார்த்த ரங்காச்சாரி உதவியோடு, தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் 7 தொகுதி போட்டார். எல்லாமே நேரில் பார்த்து எழுதியதில்லை. சென்சஸ் அறிக்கை, மாவட்ட மேனுவல், ஊர்க்காரர்கள் சொன்னது என்று நிறைய எடுத்துச் சேர்த்தார். ஃபார்வர்டில் நாலு வரிதானே இருக்கிறது? மீதிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து இங்கே போடட்டுமா?

மாமா: வேண்டாம் வேண்டாம்.

(இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

பெரியப்பா: அடடா, நான் அப்போதே 10 பேருக்கு அனுப்பிவிட்டேனே!