வலிமா மேடையில் சிரிப்பு: கூடுமா, கூடாதா?

மூர்தெரு வாசி:
அஸ்ஸலாமு அலைக்கும். போன ஞாயிறு மண்ணடியில் ஒரு வலிமா, அதாவது கல்யாண விருந்து. பாட்டுக் கச்சேரி வேண்டாம் என்று மாப்பிள்ளை ஒரு நகைச்சுவைப் பேச்சாளரை அழைத்திருந்தார். மாப்பிள்ளை பிளஸ் டூவில் மூன்று முறை தோற்றதாக அந்தப் பேச்சாளர் ஒரு கதை சொன்னார். பையன் எதிலும் தோற்றதில்லை. பிறகு மாப்பிள்ளையின் மாமா காலைச் சாய்த்து நடப்பதை நடித்துக் காட்டினார். மண்டபமே குலுங்கியது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனது உறுத்துகிறது. இது கூடுமா?

பழைய வண்ணை:
வ அலைக்குமுஸ்ஸலாம். மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுபவனுக்குக் கேடுதான் என்ற நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. 'கேடு' என்ற சொல் அதில் மூன்று முறை வருகிறது. தோற்காதவனைத் தோற்றான் என்றால் அதற்கு வேறு பெயர் உண்டா?

ராயபுரம் பேரன்:
பாய், கொஞ்சம் பொறுங்கள். நபிகளார் (ஸல்) வேடிக்கையாகப் பேசியதே இல்லையா? ஏறிச் செல்ல வாகனம் கேட்டு வந்தவரிடம் "ஒட்டகக் குட்டி தருகிறேன்" என்றார்கள். குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று அவர் விழித்தார். எந்த ஒட்டகமும் ஒரு தாய் ஒட்டகத்தின் குட்டிதானே என்று பதில் வந்தது.

பழைய வண்ணை:
தம்பி, அதில் ஒரு சொல்லாவது பொய்யா? எங்களோடு விளையாட்டாகப் பேசுகிறீர்களே என்று தோழர்கள் கேட்டபோது, உண்மையைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை என்றார்கள். நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

ராயபுரம் பேரன்:
ஏமாற்றினால்தானே பொய்? மண்டபத்தில் ஒருவராவது அதை நம்பினாரா? தாளிச்சா ஊற்றியவருக்குக்கூட அது கதை என்று தெரியும். புகாரி நபிமொழித் தொகுப்பில் அப்துல்லாஹ் என்ற தோழர் வருகிறார். பட்டப்பெயர் 'கழுதை'. நபிகளாரைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காக அவருக்குத் தண்டனை கொடுத்தபோது ஒருவர் அவரைச் சபித்தார். சபிக்காதீர்கள், இவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று நபிகளார் தடுத்தார்கள். சிரிக்க வைப்பவனுக்கு மதீனாவில் இடம் இருந்தது. மண்ணடியில்தான் இல்லை போலிருக்கிறது.

பழைய வண்ணை:
இடம் இல்லை என்று யார் சொன்னது? யாரும் நம்பாவிட்டால் பொய் இல்லை என்று அந்த நபிமொழியில் எங்கே விலக்கு இருக்கிறது, அதைக் காட்டுங்கள்.

காசிமேட்டுக்காரன்:
நான் உங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவன் அல்ல. வலிமா பிரியாணிக்கு மட்டும் உரிமையோடு வருகிறவன். தேர்வில் தோற்றாரா இல்லையா என்று இவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறீர்கள். அந்த மாமாவைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லையே?

பழைய வண்ணை:
நியாயமான கேள்வி. நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்கிறது குர்ஆன் 49:11. நபிகளாரின் மனைவி ஆயிஷா (ரலி) ஒருமுறை, இன்னொரு மனைவியான ஸஃபிய்யா (ரலி) குள்ளமானவர் என்று குறிப்பாகச் சொன்னார்கள். நீ சொன்ன சொல்லைக் கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என்றார்கள் நபிகளார். ஆயிஷா (ரலி) ஒருவரைப் போல நடித்துக் காட்டியபோதும், எவ்வளவு கிடைத்தாலும் இதை நான் விரும்பமாட்டேன் என்றார்கள். இதுவும் அபூதாவூதில்தான் இருக்கிறது.

காசிமேட்டுக்காரன்:
கடலையே கெடுக்கும் என்றால் எவ்வளவு வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும் ஐயா.

ராயபுரம் பேரன்:
மாமா விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை.

சிரிப்பு வியாபாரி:
அந்த மேடையில் பேசியவன் நான்தான். தோற்ற கதையை மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்தார். 'மாமா நடை'யும் அவர் சொன்னதுதான். சிறுவயதில் வந்த போலியோ என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமா முதல் வரிசையில் இருந்தார். எல்லோரோடும் சேர்ந்து அவரும் கை தட்டினார், அதுதான் தூங்க விடவில்லை. அவரை எங்கே பார்க்கலாம்?

மூர்தெரு வாசி:
அஸர் தொழுகைக்கு, பிற்பகலில், எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு வருவார். கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுவார். நாளைக்கு வாருங்கள், நானும் உடன் வருகிறேன். சிரித்தவன் நானும்தானே.

பழைய வண்ணை:
போய் வாருங்கள், அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். பிளஸ் டூ மட்டும் இன்னும் பொய்தான்.

ராயபுரம் பேரன்:
கதை, பாய்.