முதன்முறை பனிச்சறுக்குக் கற்க ஏற்ற சரிவு எது?

கேள்வி (சேலம், அஸ்தம்பட்டி):
ஏற்காட்டின் மார்கழிக் குளிரைத் தவிர வேறு குளிரறியாத நானும் என் 12 வயது மகளும் பிப்ரவரியில் பனிச்சறுக்குக் கற்க விரும்புகிறோம். காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஔலி இரண்டில் எது எளிது?

பதில் (ஏற்காடு):
குல்மார்க்கையே சொல்வேன், ஐயா. சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், கோண்டோலா எனும் கம்பிவட ஊர்தியின் நிலையத்தருகிலேயே புதியவர்களுக்கான மென்சரிவுகள் உள்ளன. சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து, ஆப்பு வடிவில் நின்றால் வேகம் குறையும் என்பதை என் மகன் அங்கேதான், முழங்கால் நடுங்க நடுங்க, முதல் நாளிலேயே கற்றான். கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் சென்றடையும் அபர்வத் மலைச்சரிவுகளில் பனிப்பாளம் சரியும் அபாயம் உண்டு. அங்கே இப்போது சறுக்க வேண்டாம்.

பதில் (சேலம்):
ஔலியும் நல்ல இடமே. ஆனால் சில ஆண்டுகளில் அங்கே பனி குறைவாகப் பொழிவதால், முன்பதிவுக்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பருத்திக் காலுறை நனைந்தால் எளிதில் காயாது. கம்பளிக் காலுறையே அணியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. காலணி வாடகைக்குக் கிடைக்குமா?

பதில் (ஏற்காடு):
கிடைக்கும். குதிகால் மேலெழும்பாத அளவாகப் பார்த்து வாங்குங்கள்.