பனிப்பெண் ஏன் உருகுகிறாள்? குளிர்காலக் கதைகளும் அவற்றை மறுபடி சொல்கிறவர்களும்

முன்பனி:

இரண்டு வாரமாகக் குளிர்காலக் கதைகளாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டர்சனின் 'பனி அரசி' (1844), ரஷ்ய நாட்டார் கதை ஸ்னெகூரோச்கா, அந்தக் கதையை அலாஸ்காவுக்குக் கொண்டுபோய் ஈயோவின் ஐவி எழுதிய 'த ஸ்னோ சைல்ட்' (2012) நாவல். ஸ்னெகூரோச்கா தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிள்ளையில்லாத கிழவனும் கிழவியும் பனியைத் திரட்டி ஒரு சிறுமி உருவம் செய்கிறார்கள். அவள் உயிர்பெற்று அவர்கள் மகளாகவே வளர்கிறாள். கோடையில் தோழிகளோடு சேர்ந்து நெருப்பைத் தாண்டும்போது ஆவியாகிப் போகிறாள்.

என்னைக் கேட்டால், இந்த மூன்றிலும் குளிர்காலம் என்பது துக்கத்துக்கு வைத்த பெயர். ஐவியின் மேபலுக்குப் பிறந்த ஒரே குழந்தை இறந்தே பிறந்தது. அந்த வெறுமையோடுதான் அவளும் கணவன் ஜாக்கும் அலாஸ்காவுக்கு வருகிறார்கள். 1920-இல் கதை தொடங்கும்போது, பனிக்கட்டி உடைந்தால் உடையட்டும் என்று அவள் உறைந்த ஆற்றின் மேல் நடக்கிறாள். ஆண்டர்சனுக்கும் இப்படி ஒரு நினைவு உண்டு. சன்னல் கண்ணாடியில் படிந்த உறைபனி கைநீட்டும் பெண் உருவம் போல இருந்ததை அவருடைய அப்பா ஒருமுறை காட்டியிருக்கிறார். 1816-இல் அப்பா இறந்தபோது, பனிக்கன்னிதான் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றாராம் அம்மா. ஆண்டர்சனுக்கு அப்போது 11 வயது. அந்தப் பெண்தான் பின்னால் பனி அரசி என்ற வில்லியாக வருகிறாள் என்று நினைக்கிறேன்.

பனியைப் பனியாக மட்டும் படிப்பவர்கள் கதையின் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

ஸ்காபரோ வாசி:

தங்கச்சி, கடைசி வரிக்கு மட்டும் மறுப்புச் சொல்ல வந்தேன். எழுத எழுத முழுப் பதிவுக்குமே மறுப்பாகிவிட்டது.

நான் டொரன்டோவுக்கு வந்து 22 குளிர்காலம் போய்விட்டது. பனியைக் குறியீடாகப் பார்க்க ஒரு வசதி வேண்டும்: காலை ஐந்து மணிக்குச் சவளால் அதை அள்ளி ஒதுக்காத வாழ்க்கை. ஐவி அலாஸ்காவில் வாழ்கிறவர். அவர் நாவலைத் திறந்து பாருங்கள். ஜாக்கின் கவலை என்ன? நிலம் இன்னும் திருந்தவில்லை. மேபல் சுட்டுக் கொடுக்கும் பை பலகாரத்தை வாங்கிக்கொண்டிருந்த ஓட்டல், இனி வேண்டாம் என்றுவிட்டது. நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கூலிக்குப் போவதா என்று யோசிக்கிறான். ஒரு மூஸ் மான் கிடைத்த பிறகுதான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டலாம் என்ற நம்பிக்கையே வருகிறது. அங்கே குளிர் என்றால் இறைச்சி, விறகு, உருளைக்கிழங்கு. துக்கம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. பனியில் உருவம் செய்வது எல்லா நாளும் நடக்காது. மைனஸ் 15-இல் விழுகிற பனி சர்க்கரை போல. கையில் பிடித்தால் உதிர்ந்துவிடும். பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில், ஈரம் இருக்கிற பனிதான் உருண்டையாகத் திரளும். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்ப்பாள். நீர் கசிந்து விரல் தடம் அப்படியே பதிந்தால், "அப்பா, இண்டைக்குச் செய்யலாம்" என்று கத்துவாள். ஆக, பனிச்சிறுமி பிறக்கிற நாளே உருகத் தொடங்கும் நாளுக்குப் பக்கத்து நாள்தான். இதைக் கதை கட்டியவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். நாம் அதைத் தத்துவமாக்குகிறோம்.

உங்கள் பனி அரசியிலேயே பாருங்கள். காய் என்ற பையனும் அவன் தோழி கெர்டாவும் செப்புக்காசை அடுப்பில் சுடவைத்து உறைந்த கண்ணாடியில் அழுத்துகிறார்கள். காசளவு வட்டமாக ஒரு துவாரம். அதன் வழியாக ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அது எந்தக் குறியீடு? குளிர்நாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு, அவ்வளவுதான்.

முன்பனி:

அண்ணா, செப்புக்காசு இடத்தில் நானும் நின்று படித்தேன். ஆனால் வானிலையாகவே படித்தால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காது. அவள் ஏன் போகிறாள்?

ஆர்தர் ரான்சம் 1916-இல் வெளியிட்ட ரஷ்யக் கதைத் தொகுப்பில் அவள் வெயிலால் போவதில்லை. காட்டில் வழி தவறிய பனிச்சிறுமியை நரி பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. பரிசாக ஒரு கோழியைத் தருவதாகச் சொன்ன கிழவனும் கிழவியும், பிள்ளை கைக்கு வந்ததும் கோழி எதற்கு வீண் என்று நரியை ஏமாற்றப் பார்க்கிறார்கள். என்மேல் உங்களுக்கு உள்ள அன்பு ஒரு கோழி அளவுகூட இல்லையா என்று அவள் உருகிப் போகிறாள். வெளியே இன்னும் குளிர்காலம்தான்! ரஷ்ய நாடகாசிரியர் ஆஸ்திரோவ்ஸ்கியின் 1873 'ஸ்னெகூரோச்கா' நாடகத்தில் அவள் காதலிக்கத் தெரியாத பெண். தாய் வசந்தத்திடம் கெஞ்சி அந்த உணர்வைக் கேட்டு வாங்குகிறாள், அதனாலேயே அழிகிறாள். ஓரிடத்தில் அன்பு குறைந்ததால், இன்னோரிடத்தில் அன்பு வந்ததால். வெப்பமானி இதை அளக்குமா?

ஏட்டுச்சுவடி:

இருவருக்கும் நடுவில் ஒரு பழைய கதையை வைக்கிறேன். 11ஆம் நூற்றாண்டு லத்தீன் பாடல் ஒன்றில் வருவது. கான்ஸ்டன்ஸ் நகர வணிகன் ஒருவன் நெடுநாள் கடல்பயணம் முடிந்து வீடு திரும்புகிறான். மனைவி கையில் ஆண் குழந்தை. மலையில் தாகத்துக்குப் பனியைத் தின்றேன், அதனால் கருவுற்றேன் என்கிறாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சில வருடம் கழித்துப் பையனை அடுத்த பயணத்தில் கூட்டிப்போய் அடிமையாக விற்றுவிட்டு வந்து, வெயிலில் உருகிவிட்டான், பனிக்குப் பிறந்தவன்தானே என்கிறான்.

இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பொய்க்கு விலை கொடுத்தது அந்தப் பிள்ளை. இங்கே பனி துக்கமும் இல்லை, வானிலையும் இல்லை. வீட்டில் பேச முடியாத ஒன்றை மூட ஒரு சாக்கு. ஐவியின் நாவலிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதில் பனிச்சிறுமியாக வந்து சேரும் ஃபைனாவின் தகப்பன் யார், எப்படிச் செத்தான் என்பது ஜாக்குக்குத் தெரியும். அவனைப் புதைத்ததே ஜாக்தான். மேபலிடம் நெடுநாள் சொல்வதில்லை. சிறுமி பனியில் பிறந்தவள் என்றே மேபலை நம்ப விடுகிறான்.

அப்புறம், நம் கையிலும் ஒரு குளிர்காலப் பாட்டு இருக்கிறது. நெடுநல்வாடை. அதில் குளிரில் கறவை தன் கன்றையே பால்குடிக்க விடாமல் உதைக்கிறது. பறவை கிளையில் பிடி தளர்ந்து விழுகிறது. ஸ்காபரோ வாசி கேட்கும் நிஜக் குளிர் இதுதான். அதே வாடை பிரிந்திருக்கும் அரசிக்கு நெடிய வாடை. பாசறையில் காயம்பட்ட வீரர்களை நள்ளிரவில் பார்க்கப் போகும் அரசனுக்கு நல்ல வாடை. தலைப்புக்கு உரைகாரர்கள் சொல்லும் விளக்கம் இது. காற்று ஒன்றுதான், அதில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பனிப்பெண் கதைகளுக்கும் இந்தக் கேள்வியைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

ஸ்காபரோ வாசி:

ஐயா, அந்தக் கறவையும் கன்றும் போதும் எனக்கு. நன்றி.

யார் நிற்கிறார்கள் என்ற கேள்வியை வைத்தே முன்பனிக்குப் பதில் சொல்கிறேன். ஆஸ்திரோவ்ஸ்கி நாடகத்தில் ஒரு முழு நாடே நிற்கிறது. கதிரவன் யரீலோ 15 வருடமாகக் கோபத்தில் இருக்கிறான், கோடை வரவரக் குளிர்ந்துகொண்டே போகிறது. அதுவும் வேளாண்மை செய்து பிழைக்கிற நாடு. ஸ்னெகூரோச்கா உருகியவுடன், இவள் சாவுக்காக நாம் கலங்க வேண்டியதில்லை என்று மன்னன் பெரேந்தேய் சொல்கிறான். ஊர் முழுக்கச் சேர்ந்து சூரியனைப் பாடுகிறது. அந்த நாடகத்தை வைத்து ரிம்ஸ்கி-கோர்சகவ் இசையமைத்த ஓபெராவிலும் (1882) முடிவு இதுதான். முதல்முறை படித்தபோது என்ன கல்நெஞ்சம் என்று தோன்றியது. பிறகு ஒரு ஏப்ரல் மாதம், ஐந்து மாதத்துக்குப் பிறகு புல்லைப் பார்த்த அன்று, எனக்கு அது விளங்கியது. அன்று பின்னேரம் எங்கள் தெரு முழுக்க வாசலில் நின்றது. முன்பின் கதைத்திராத பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கை காட்டினார்.

வெப்பமானி என்று கேட்டீர்கள் அல்லவா? உருகுவது அங்கே இழப்பு மட்டுமில்லை. வயிறு நிறையப் போகிறது என்று அர்த்தம். மகள் செய்த பனிமனிதன் போய், கேரட் மட்டும் புல்லில் கிடந்தபோது பிள்ளை அழுதாள். அவள் பக்கத்தில் நின்ற நான் உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தேன். கதைக்குள் இரண்டுமே இருக்கின்றன. நீங்கள் பிள்ளையின் அழுகையை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

முன்பனி:

இதை ஏற்கிறேன். மன்னன் சொல்வதை இரக்கமின்மை என்றே படித்திருந்தேன். பட்டினியை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் மறுபடி சொல்கிறவர்கள் எந்தப் பக்கத்தை எடுக்கிறார்கள் என்பதும் தற்செயல் இல்லையே. சோவியத் காலத்தில் 1930களில் புத்தாண்டு விழா திரும்பி வந்தபோது ஸ்னெகூரோச்காவை, புத்தாண்டுக்குப் பரிசு கொண்டுவரும் பனித்தாத்தாவின் பேத்தியாக்கிப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தினார்கள். அந்தப் பேத்தி உருகுவதே இல்லை, அடுத்த வருடமும் வருகிறாள். ஐவியோ ஊர்த்திருவிழாவை எடுத்துவிட்டு இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்கிறார். ஃபைனா பேசும் இடங்களில் மேற்கோள் குறியே கிடையாது. அவள் குரல் நிஜத்தில் கேட்டதா, மேபலின் ஆசையில் கேட்டதா என்று கடைசிவரை பிரிக்க முடியாது. அந்தக் குறிகளை எடுத்த கை வானிலையை மட்டும் எழுதவில்லை.

பனி அரசிக்கும் வருகிறேன். பூதம் செய்த மாயக் கண்ணாடி உடைந்து, அதன் சில்லு காயின் கண்ணிலும் நெஞ்சிலும் விழும்போது எந்த மாதம் என்று பார்த்தீர்களா? கோடை. ரோஜா பூத்திருக்கிறது, இரண்டு பிள்ளைகளும் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கோபுர மணி ஐந்து அடிக்கிறது. அந்த வெயிலில்தான் அவன் நெஞ்சு உறையத் தொடங்குகிறது. ரோஜாவைப் புழு தின்றிருக்கிறது என்று பிய்த்து எறிகிறான். பனி விழ இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது. குளிர் அவனுக்குள் முதலில் வந்துவிட்டது, அண்ணா.

ஸ்காபரோ வாசி:

எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கோடைதான். இத்தனை முறை படித்தும் அந்த ரோஜாவைச் சும்மா தாண்டிப் போயிருக்கிறேன். காய் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.

அதே புத்தகத்தில் கொஞ்சம் தள்ளி இன்னோர் இடம் காட்டுகிறேன். பனி அரசி கூட்டிப்போன காயைத் தேடி கெர்டா அவள் அரண்மனைக்குள் நுழையும்போது பனி அரசி அங்கே இல்லை. கெர்டாவின் கண்ணீர் காயின் நெஞ்சை உருக்குகிறது, அரசியை யாரும் தோற்கடிக்கவில்லை, யாரும் கொல்லவில்லை. அவள் வெப்ப நாடுகளுக்குப் போயிருக்கிறாள், எட்னா, வெசூவியஸ் எரிமலைகளுக்குக் கொஞ்சம் வெள்ளை பூச. எலுமிச்சைக்கும் திராட்சைக்கும் அது நல்லது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஒரு வில்லி அப்படிப் பேசுவாளா? வேலைக்கு வெளிக்கிட்டுப் போகிறவள் பேச்சு அது. அடுத்த வருடம் அவள் கோபன்ஹேகனுக்கும் வருவாள், எங்கள் வாசலுக்கும் வருவாள்.

முன்பனி:

எலுமிச்சை வரியைத் தேடி எடுத்துவிட்டேன். என் பிரதியில் அடிக்கோடே போட்டிருக்கிறேன், ஏன் போட்டேன் என்று நினைவில்லை. முதல் பதிவில் அவளை வில்லி என்று எழுதியது தவறு. காயைக் கூட்டிப்போனவளும் திராட்சைக்குப் பனி கொண்டுபோகிறவளும் ஒருத்திதான் என்றால், ஆண்டர்சன் அந்தச் சன்னல் பெண்மேல் கோபமாக இருந்தார் என்று நான் நினைத்ததும் தவறாகத்தான் இருக்க வேண்டும். கதையை மறுபடி முதலிலிருந்து படிக்கப் போகிறேன். ஏட்டுச்சுவடி ஐயா, நெடுநல்வாடைக்கு எந்த உரை நல்லது என்று சொல்லுங்கள்.