வேலிடேஷன் என்பதற்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் தேவை

கணினி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்குப் பைத்தான் என்னும் நிரல்மொழிக்குப் பயிற்சித்தாள் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நிபந்தனைக் கூற்றுகள் வரை இடர்ப்பாடு இல்லை. உள்ளிடும் வயது எண்தானா, 5 முதல் 18 வரைக்குள் உள்ளதா என்று நிரல் சோதிக்கும் இடத்தில்தான், அதாவது வேலிடேஷனில்தான், எழுத்து நின்றுவிட்டது. 'சரிபார்ப்பு' என்று எழுதலாமென்றால், உள்ளிட்டது உண்மைதானா என்று மூலத்தோடு ஒப்பிடும் வெரிஃபிகேஷனுக்கும் அதையே ஆள்கிறோம். பதினாறு வயதுப் பையன் 61 என்று அடித்தால் நிரல் தடுத்துவிடும்; 17 என்று அடித்தால் தடுக்காது, பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் பிழையைக் கண்டுபிடிக்க முடியும். இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறுபாட்டை எப்படி விளக்குவது?

மொழிபெயர்ப்பாளர்:
'செல்லுபடியாக்கல்' என்பதை ஏற்கலாம். செல்லாக்காசும் செல்லாத ஓட்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. புதிதாக விளக்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மன்னிக்கவும், அச்சொல் பொருந்தாது. 'ஆக்கல்' என்று முடிந்தால் செல்லாத ஒன்றைச் செல்லும்படி செய்வது என்றே பொருள்படும். அம்மா எழுதும் நிரல் 61ஐச் செல்லுபடி ஆக்கவில்லை, வாசலிலேயே நிறுத்துகிறது. 'தெரிந்து தெளிதல்' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கையில் நாம் ஏன் அலைய வேண்டும்? அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் வழியாக ஒருவனைச் சோதித்த பிறகே அவனை நம்பித் தெளிய வேண்டும் என்கிறார். நான்கு நிபந்தனைகளும் நிறைவேறினாலன்றி உள்ளே விடாத நிரல் அது. 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்னும் 510ஆம் குறளோ, சோதிக்காமல் ஏற்பது, ஏற்றபின் ஒவ்வொரு வரியிலும் மறுபடி சோதிப்பது ஆகிய இரு பிழைகளையும் ஒருசேரக் கண்டிக்கிறது. ஆகவே ஆராய்ந்து அறிதல் என்னும் பொருளுடைய 'தேர்தல்' என்பதே பழையதும் நேரானதுமான சொல். அது வேண்டாமெனில், பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லை அடியொற்றிக் 'கட்டளையுரைப்பு' எனலாம்.

மென்பொருள் பொறியாளர்:
ஐயா, 'உள்ளீட்டுத் தேர்தல்' என்று படித்தால் மாணவர்களுக்கு வாக்குப்பெட்டிதான் நினைவுக்கு வரும். கட்டளை என்பதையோ நாங்கள் கமாண்டுக்குக் கொடுத்து நெடுங்காலமாகிறது. 'வேலிடேஷன்' என்றே எழுதிவிட்டு, சோதனைகளைச் சரியாகக் கற்பித்தால் போதும் என்பது என் கருத்து. அங்கேதான் வேலை அதிகம். உள்ளீட்டைப் பைத்தான் எப்போதும் சரமாகவே, அதாவது வெறும் எழுத்துத் தொடராகவே தருகிறது. அதை இன்ட் என்னும் செயற்கூறு கொண்டு எண்ணாக மாற்றாமல் 18ஐவிடப் பெரிதா சிறிதா என்று ஒப்பிட்டால் பிழைச்செய்தி வரும். என் அக்கா மகள் குறும்பாக ௧௮ என்று தமிழ் எண்ணில் அடித்தாள். பைத்தான் மறுப்பின்றி 18 என்று ஏற்றுக்கொண்டது. பழைய முறைப்படி பத்துக்குரிய ௰ குறியை இட்டு ௰௮ என்று அடித்ததும் மறுத்துவிட்டது. எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் ௧, ௮ ஆகியவை பதின்ம இலக்கங்களாகவும் ௰ வேறு வகை எண்குறியாகவும் பதிவாகியிருப்பதே காரணம். பயிற்சித்தாளில் இதைச் சேர்த்தால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

கல்வெட்டு ஆர்வலர்:
தேர்தல் என்றதும் உத்தரமேரூர் நினைவுக்கு வந்தது; பொறுத்தருள்க. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவ்வூர்ச் சபைக்கு உறுப்பினரைத் தெரிய, குடத்தில் பெயரெழுதிய ஓலை இடுமுன் யார் பெயரை எழுதலாம் என்று வரையறுக்கிறது. வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். இறை (வரி) செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல்; வேலி என்பது நில அளவை. அரைக்கால் மட்டும் உடையவரானாலும் வேதம் கற்று ஒரு பாடியத்தை (விரிவுரையை) விளக்க வல்லவரெனில் எழுதலாம் என்னும் விலக்கும் உண்டு. ஒன்றினுள் ஒன்றாக இஃப் என்னும் நிபந்தனைக் கூற்றை எழுதப் பழக இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது; சரியாக 35 வயதானவர் உள்ளே வருவாரா என்று கேட்டாலே பெரிது, பெரிது அல்லது சமம் என்னும் குறிகளின் வேறுபாடு புரிந்துவிடும். அங்கே பார்க்கப்பட்டது தகுதி. ஆதலால் 'தகுதிகாணல்' என்க.

மொழிபெயர்ப்பாளர்:
அரசு ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள். 'தகுதிகாண் பருவம்' முடியாமல் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்! 'ஏற்புச் சோதனை' எளிதாக இருக்குமே.

மென்பொருள் பொறியாளர்:
மென்பொருளை வாடிக்கையாளர் ஏற்பதற்கு முன் நடத்தும் சோதனைக்கு அதைத்தான் சொல்லி வருகிறோம்.

கணினி ஆசிரியை:
வியாழன் இரவாகிவிட்டது. நீங்கள் சொன்னவற்றிலிருந்து 'தகுதி'யையும் 'சோதனை'யையும் இணைத்து 'உள்ளீட்டுத் தகுதிச் சோதனை' என்று எழுதி, முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'வேலிடேஷன்' என்பதையும் சேர்த்துவிட்டேன்; வெரிஃபிகேஷனுக்குச் 'சரிபார்ப்பு' நிற்கிறது. உத்தரமேரூர்க் கணக்கையும் ௰௮ஐயும் சேர்த்தாயிற்று. அனைவருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மூன்று சொற்கள் சேர்ந்தால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். அத்துடன் 'உள்ளீடு' என்பதற்கு உள்ளே இருக்கும் சாரம் என்றே பழம்பொருள். உள்ளீடற்ற பேச்சு என்கிறோமல்லவா? வெளியிலிருந்து இடுவதற்கு 'உள்ளிடு' என்பதே பொருந்தும். அச்சகத்துக்கு இப்போதாவது தொலைபேசியில் சொல்லிவிட முடியுமா, அம்மா?