கடலுக்குப் போயிருக்கும் ஆண்களின் பிபியை யார் கணக்கெடுப்பது?

நித்திரவிளைக்காரி:
பொது சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் எத்தனை பேருக்கு பிபி இருக்கிறது, அதில் எத்தனை பேர் ஒழுங்காக மாத்திரை போடுகிறார்கள் என்பதுதான் என் ப்ராஜெக்ட். முன்னோட்டமாகச் சில வீடுகளுக்குப் போனேன். எந்த நேரம் போனாலும் பெண்களும் தாத்தாக்களும்தான் இருக்கிறார்கள். "அவரு கொச்சியில இருந்து போட்டுல போயிருக்காரு, வர ஒரு மாசம் ஆவும்" என்பதுதான் பதில். இருக்கிறவர்களை வைத்து முடித்துவிடு என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம், இங்கே என்ன ஏற்றத்தாழ்வு இருக்கப் போகிறது என்று வகுப்பில் சிரிக்கிறார்கள். எங்கள் தெருவில் ஐம்பது வயதுக்குள் பக்கவாதம் வந்து, ஒரு கை மடங்கிப் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாமாக்களை அவர்கள் பார்த்ததில்லை. என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:
உங்கள் சந்தேகம் நியாயமானது. வீட்டில் இருக்கும் ஆண்கள் யார்? வயதானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள், அப்புறம் வேறு வேலை பார்ப்பவர்கள். ஆழ்கடலுக்குப் போக முடிகிறவர் ஓரளவு தெம்பானவராக இருப்பார். அவரை விட்டுவிட்டு எண்ணினால் பிபி சதவீதம் ஏறித் தெரியலாம், ஆனால் மாத்திரை போடுகிறவர்கள் விஷயத்தில் நேர்மாறாக, நிலைமை நல்லதாகத் தெரியும், ஏனென்றால் கரையில் இருப்பவருக்குத்தானே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. ஒரே ஓட்டை, இரண்டு பக்கமும் தப்பாக இழுக்கும். பெரிய ஆய்வுகளிலும் இது உண்டு.  2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் பிபியும் சர்க்கரையும் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பார்த்தார்கள்தான், ஆனால் வீட்டில் இருந்தால்தானே பார்க்க முடியும். தமிழ்நாட்டில் 2020இல் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில் (தொற்றாநோய்கள் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி எடுப்பது) பிபி உள்ளவர்கள் 33.9 சதவீதம், அவர்களில் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். மாநில சராசரியே இப்படி என்றால் மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர் கதை என்ன?

வெட்டிப்பேச்சு:
எல்லாம் மணவாளக்குறிச்சி மணல் பண்ணுகிற வேலை. கதிர்வீச்சைப் பற்றி யாரும் எழுத மாட்டீர்களே.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பேச்சு புற்றுநோய் பற்றியது, இங்கே பிபி ஓடுகிறது. ஆனாலும் சொல்கிறேன். நம்மைப் போலவே கதிரியக்க மணல் உள்ள கேரளக் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. வேண்டுமானால் தனி இழை போடுங்கள்.

ஊசிபோடும் அக்கா:
தங்கச்சி, ஒன்று கவனி. வலை இழுத்து இழுத்து இவங்க கை உருண்டு திரண்டிருக்கும். பிபி கருவியின் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றினால் நுனி கூட ஒட்டாது, பம்ப் பண்ணினதும் பிய்த்துக்கொண்டு வரும். ஒட்டினாலும் உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும். பெரிய பட்டை ஒன்று கட்டாயம் வைத்துக்கொள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வை, பீடி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கணும், இரண்டு தடவை பார். 140/90க்கு மேல் வந்தால் குறித்துக்கொண்டு போய்விடாதே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடு. எதிக்ஸ் கமிட்டியும் அதைத்தான் முதலில் கேட்கும். அப்புறம் "மாத்திரை போடுறீங்களா" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கடைசியா கடலுக்குப் போனப்ப எத்தனை நாளைக்கு மாத்திரை கொண்டு போனீங்க, எப்ப தீர்ந்துச்சு" என்று கேள். என் அனுபவத்தில் பாதிக் கடலிலேயே தீர்ந்துவிடும், கரை ஏறினதும் "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவார்கள்.

மலையோரம்:
கடற்கரை மட்டும் இல்லை. பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காணிக்காரப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குச் சிலவற்றுக்குப் படகில்தான் போகணும், அங்கே பிபி கருவி கொண்டு போகிற ஆள் யார்? ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள், பத்து மணிக்குப் பட்டியலோடு போனால் பூட்டின கதவைத்தான் பார்க்கலாம். மத்தியானத்துக்கு மேல், இல்லையென்றால் வெட்டு இல்லாத மழை நாளில் போகணும். மாவட்டச் சராசரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்.

குளச்சல்காரன்:
மக்கா, இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு, மீன்பிடித் தடைக்காலத்தில் போ. நம்ம மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குள் போகாது. கொச்சியில் தங்கித் தொழில் பார்க்கிறவனும் அப்போ ஊரில்தான் இருப்பான். சின்னமுட்டம் பக்கம் சேர்க்கிறதா இருந்தால் அங்கே கிழக்குக் கரை கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தேதியைப் போட்டுக் குழப்பிக்காதே. சின்ன வள்ளக்காரர்கள் தடையிலும் போவார்கள், அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் சரி, அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போறதில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது கோயில் முற்றத்தில் ஒரு மேசை போடு. கேம்ப் என்று பேனர் கட்டாதே, கட்டினால் சர்க்கரைக்காரன் என்று பெயர் ஆகிவிடும் என்று ஒதுங்கிப் போவான். பங்குத்தந்தையிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லிவிடு.

நித்திரவிளைக்காரி:
கோயில் முற்றத்தில் மட்டும் பார்த்தால் கோயிலுக்கு வராதவர்கள் விட்டுப்போவார்களே அண்ணா? அதனால் அன்பியம் (பங்கில் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வாரியாகக் குடும்பப் பட்டியல் வாங்கி, அதில் குலுக்கிப் பெயர் எடுத்து, ஜூன், ஜூலையில் வீட்டுக்கே போகலாம் என்று நினைக்கிறேன். கடலில் இருப்பவர் என்று ஒரு கட்டமும் படிவத்தில் போடுகிறேன், கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதாவது அறிக்கையில் நிற்கும். அக்கா, பெரிய பட்டை நாகர்கோவிலில் தனியாகக் கிடைக்குமா, கருவியோடு சேர்த்துத்தான் வாங்கணுமா?